ஆராதனை முடியும் வரை படகிலேயே

பாஸ்டரைப் படகில் ஏற்றுவது சுலபம், இறக்குவதுதான் கஷ்டம். எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் இருந்த ஒரே ஆள் நான்தான் என்பதால், இதை மறுத்துப் பேசவும் ஆள் இல்லை.

தொழில் என்று சொல்கிறேனே தவிர, இதற்குச் சம்பளம் கிடையாது. வாரத்தில் ஆறு நாள் நான் பழவேற்காடு ஏரியில் வலை போடுகிறவன். ஏழாவது நாள், ஏரிக்கு நடுவில் இருக்கும் கோரைத்திட்டு என்ற குட்டி ஊருக்குப் பாஸ்டரைக் கூட்டிக்கொண்டு போய், ஆராதனை முடிந்ததும் திரும்பக் கூட்டிக்கொண்டு வருகிறவன். முதலில் கேட்டபோது, “தாவீது, இந்த ஒரு வாரம் மட்டும் கொஞ்சம் விட்டுடுங்க” என்றுதான் கேட்டார்கள். ஒரு வாரம்தானே என்று தலையாட்டினேன். அப்போது எனக்குக் கல்யாணமான புதுசு. அந்த ஒரு வாரம் முடிவதற்குள் என் பெண்ணுக்கே கல்யாணம் ஆகிவிட்டது.

கோரைத்திட்டில் சர்ச்சுக்கு வருகிற குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்லாரும் ஏரியில் இறங்கிக் கையாலேயே இறாலும் நண்டும் பிடிக்கிறவர்கள். படகு வாங்க வசதி இல்லாதவர்கள். சென்னையில் இருக்கும் எங்கள் மிஷன் ஆபீஸ் அவர்களுக்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தது. வாராவாரம் ஆராதனை நடந்தால் அது தனிச் சபை. அடிக்கடி நின்றுபோனால் கரையில் இருக்கும் பழவேற்காடு டவுன் சபையோடு சேர்த்துவிடுவார்கள். படகில்லாத ஜனம் ஞாயிறுதோறும் ஏரியைத் தாண்டி டவுனுக்கு எப்படி வரும்? சேர்ப்பது என்றால் மூடுவது என்றுதான் அர்த்தம். மற்ற படகுகள் ஞாயிற்றுக்கிழமையும் வலைக்குப் போய்விடும். ஆக, என் படகு கிளம்பினால்தான் கோரைத்திட்டுக்கு சர்ச்.

சர்ச்சில் பாய் விரிக்கிறவர்கள், மைக் செட் பார்க்கிறவர்கள், கோயிலில் பொங்கல் கிண்டுகிறவர்கள், பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறவர்கள் எல்லாரும் இதைப் படிக்கலாம். ‘ஒரு வாரம்தானே’ என்று தலையைக் கொடுத்த நீங்கள் அத்தனை பேரும் நம்ம கட்சி.

முழங்கால் ஆழம்

நான் ஏற்றிய முதல் பாஸ்டர் நல்ல கனமான மனிதர். குரலும் கனம், உடம்பும் கனம். தண்ணீர் என்றால் மட்டும் குழந்தை மாதிரி பயம். படகில் ஏறியதும் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொள்வார். கரை வரும் வரை கண்ணைத் திறக்க மாட்டார். ஏரியில் பூநாரை நிற்குதய்யா, பாருங்கள் என்று காட்டினால், “நீங்க பாத்து ஓட்டுங்க” என்பார்.

ஒரு நாள் பாதி வழியில் படகு சேற்றில் தட்டி நின்றது. எங்கள் ஏரியில் இது சகஜம். ஆனால் படகு குலுங்கி நின்றதும் பாஸ்டர் ஆடிப்போய்விட்டார். “ஆண்டவரே, ஆழத்திலிருந்து எங்களைத் தூக்கி எடும்” என்று சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தார். ஆழம் இல்லாததுதான் பிரச்சினை என்று சொல்ல எனக்கு இடமே கொடுக்கவில்லை. நான் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணீர் விட்டு ஜெபித்துக்கொண்டிருந்தார்.

பக்கத்திலேயே சில பெண்கள் தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். கழுத்து வரை தண்ணீர், வாயில் கவ்விய பனையோலைப் பறிக்கூடை. அவர்களில் ஒருத்தி சலோமி அக்கா. கோரைத்திட்டு சர்ச்சைப் பெருக்கி, பாய் விரித்து, மணி அடிக்கிற அம்மா அவர்தான். ஜெபச் சத்தம் கேட்டு அக்கா எழுந்து நின்றார். தண்ணீர் அவர் முழங்காலுக்கு இருந்தது. வாயிலிருந்த பறியைக் கையில் எடுத்துக்கொண்டு மரியாதையாகச் சொன்னார்: “ஐயா, எறங்கி நடந்தே வந்துடுங்க, ஆராதனைக்கு நேரமாச்சு.”

காணிக்கை நண்டு

கோரைத்திட்டில் காணிக்கைப் பைக்குள் நோட்டு விழுவது குறைவு. அன்று காலை கையில் அகப்பட்டதில் முதல் நண்டோ, நல்ல இறாலோ, அதுதான் காணிக்கை. நண்டின் கொடுக்கை நாரால் கட்டி சர்ச் முன்னால் வரிசையாக வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அது பாஸ்டரோடு படகில் ஏறும். டவுன் சர்ச் வாசலில் ஏலம் போகும்.

முதல் பாஸ்டர் மாற்றலாகிப் போனபின், மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு இளம் பாஸ்டர் வந்தார். இரக்க குணம். முதல் வாரமே, கட்டிப்போட்ட நண்டுகளைப் பார்த்து மனம் தாங்காமல், படகில் வரும்போது நான் இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கட்டுகளையெல்லாம் அவிழ்த்துவிட்டார். அடுத்த நிமிஷம் பாஸ்டர் பலகை மேல் நின்றார். நான் அவரைப் பிடிப்பதா, நண்டைப் பிடிப்பதா, படகைப் பிடிப்பதா? கரை சேர்ந்தபோது காணிக்கையில் பாதி ஏரிக்கே திரும்பிப் போயிருந்தது. பாஸ்டரின் கட்டைவிரல் வீங்கியிருந்தது.

அது அவருக்கு. என் கதை வேறு. படகு நிறைய நண்டு ஏற்றி வருவேன், ஒன்றுகூட என் வீட்டுக்கு வராது, வரவும் கூடாது. அது ஆண்டவருடையது. வலைக்குப் போகாத நாள் என்பதால் என் மீனும் இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைச் சோற்றுக்கு என் வீட்டம்மா எஸ்தர் மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்குவாள். வாரம் முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்கிற பெண்கள் அன்றைக்கு இவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவள் பையை என் முன்னால் கவிழ்த்துவிட்டுச் சொல்வாள்: “மீன் புடிக்கிறவன் பொண்டாட்டி காசு குடுத்து மீன் வாங்குற அதிசயத்த இந்த ஊட்லதான் பாக்கலாம்.”

பாய் ஊற்றும் டீசல்

படகுத்துறையில் காதர் பாய் டீசல் விற்றார். பழவேற்காட்டில் பல தலைமுறையாக வியாபாரம் செய்கிற குடும்பம். பேச்சில் கறார், அளவிலும் கறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் கேனை நீட்டினால், அளந்து ஊற்றிய பிறகு இன்னொரு குவளை தானாக வரும். முகத்தில் ஒரு சிரிப்பும் இருக்காது.

ரொம்ப நாள் கழித்து ஒரு தடவை தைரியம் வந்து, “பாய், எங்க சர்ச்சுக்காக நீங்க இப்படிச் செய்றது பெரிய விஷயம்” என்று சொன்னேன். நெஞ்சில் இருந்த நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவர் புனலைத் துடைத்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். “உங்க சர்ச்சுக்கு யாருப்பா ஊத்துனா? உன் இன்ஜின் நடு ஏரில நின்னா, அப்புறம் உன்ன இஸ்துக்கினு வர்றதுக்கு என் தம்பி படகுதான போவணும்.”

சர்ச்சுக்கு வராதவன்

இந்த வேலையின் ரகசியம் ஒன்று சொல்கிறேன். இத்தனை வருஷத்தில், பாஸ்டரை ஏற்றிப் போன ஒரு நாள்கூட நான் கோரைத்திட்டு சர்ச்சுக்குள் கால் வைத்ததில்லை.

காரணம் தண்ணீர். ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரம் பக்கத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறும், வடியும். பாஸ்டர் அங்கியில் சேறு படாமல் இறங்க வேண்டுமென்றால் படகைக் கரையோரம் ஒட்ட வேண்டும். ஒட்டி நிறுத்திவிட்டு உள்ளே போனால், மூன்றாவது பாட்டுக்குள் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். அப்புறம் சாயங்காலம் தண்ணீர் ஏறும் வரை பாஸ்டரும் உட்கார வேண்டியதுதான். டவுனில் அவருக்கு சாயங்கால ஆராதனை இருக்கிறது. அதனால் தண்ணீர் வடிய வடிய, நான் படகைக் கழியால் பின்னால் தள்ளிக்கொண்டே இருப்பேன். ஆராதனை முடிகிறபோது சர்ச்சுக்கும் எனக்கும் நடுவில் ஒரு மைதானம் அளவுக்குச் சேறு கிடக்கும், பாஸ்டர் அங்கியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வருவார். பாட்டு எனக்குக் கேட்கும். பிரசங்கம் கேட்காது. பாஸ்டர் கையை ஆட்டுவது மட்டும் தெரியும். எங்கள் சபைப் பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம், பிரசங்கம் ஒன்றுகூடத் தெரியாது.

டவுன் சர்ச்சில் காலை ஆராதனையை இன்னொரு பாஸ்டர் அதே நேரத்தில்தான் நடத்துவார், சாயங்கால ஆராதனை நேரத்தில் நான் மறுநாளுக்கு வலையைச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். அங்கேயும் நான் இல்லை. ஒரு நாள் டவுன் கமிட்டிக்காரர் ஒருவர் துறையில் என்னை நிறுத்தினார். நான் பாஸ்டரை இறக்கிவிட்டு, படகில் ஏறிய சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் என் தோளில் கை வைத்து, ரொம்ப அன்பாகச் சொன்னார்: “தாவீது, வாரத்துல ஒரு நாளாவது ஆண்டவருக்குக் குடுக்கக் கூடாதா? சர்ச் பக்கமே உன்னப் பாக்க முடியலியே.”

என் பாடு நாள்

எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. பாடு என்று ஒரு முறை உண்டு. இறால் நன்றாக விழுகிற இடங்களுக்கு ஊரே கூடிச் சீட்டுப் போட்டு, இன்ன இடம், இன்ன நாள், இன்னாருக்கு என்று பிரித்துக் கொடுக்கும். உன் நாளில் நீ வராவிட்டால் அந்த நாள் போனது போனதுதான், மாற்றிக் கேட்க முடியாது. இதில் யாருக்கும் சலுகை கிடையாது. அதனால்தான் சண்டையும் கிடையாது.

ஒரு வருஷம், முகத்துவாரத்தின் வாயிலேயே இருக்கிற நல்ல இடம் எனக்கு விழுந்தது. அமாவாசையை ஒட்டிய நாள். இறால் அள்ளிக் கொட்டுகிற சமயம். எஸ்தர் அன்று சாயங்காலமே இரண்டு கூடை கூடுதலாக வாங்கி வைத்தாள். அப்புறம்தான் காலண்டரைப் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை. அந்த மாதம் மழையில் ஏற்கெனவே ஒரு ஆராதனை நின்றிருந்தது. மற்றப் படகுகள் எல்லாம் இறாலுக்குப் போகிற நாள், பாஸ்டரை விடச் சொல்லி யாரைக் கேட்பது? ஊர்ப் பெரியவரிடம் போய் நின்றேன். “நாளு நாளுதாம்பா” என்றார். சரி என்று வந்துவிட்டேன். ஞாயிறு காலையில் எஸ்தர் கூடைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாஸ்டர் உட்கார்வதற்கு உலர்ந்த கோணியை மட்டும் என் கையில் கொடுத்தாள்.

முகத்துவாரத்தைத் தாண்டும்போது என் இடம் காலியாகக் கிடந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று இன்ஜினையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். மதுரை பாஸ்டருக்குப் பாடும் தெரியாது, சீட்டும் தெரியாது. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக் காற்றை நன்றாக இழுத்து விட்டுச் சொன்னார்: “கொடுத்து வச்ச ஆளுண்ணே நீங்க. வாராவாரம் ஏரிக்காத்து, ஒரு கவலை கிடையாது.”

இன்ஜினுக்கு ஒரு பொன்னாடை

கோரைத்திட்டு சபை ஆண்டு விழாவுக்குச் சென்னையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஜெனரேட்டர், ஒலிபெருக்கி, சீரியல் பல்பு என்று தூள் பறந்தது. அன்று பேச்சும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. உழைத்தவர்களுக்கு எல்லாம் பொன்னாடை போர்த்தினார்கள். சமைத்தவருக்கு, மைக் செட்காரருக்கு, ஜெனரேட்டர்காரருக்கு. பிறகு ஒலிபெருக்கியில் என் பெயரே வந்தது. “படகோட்டி சகோதரர் தாவீது அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்.”

தண்ணீர் வடிகிற நேரம். கழியை விட்டால் படகு போய் உட்கார்ந்துவிடும், அதில்தான் சென்னைப் பெரியவர் திரும்ப வேண்டும். “இங்க கீறேன்!” என்று கத்தினேன். ஜெனரேட்டர் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? இரண்டு தடவை அழைத்தார்கள். “சகோதரர் வரவில்லை போலும்” என்று சொல்லி, அதையும் ஜெனரேட்டர்காரருக்கே போர்த்திவிட்டார்கள். சின்ன விஷயம்தான். ஆனால் எனக்கு அழுகையே வந்துவிட்டது. யாரும் பார்க்காததால் கொஞ்சம் அழுதும் விட்டேன்.

திரும்பும்போது சென்னைப் பெரியவர் பலகை ஈரமாக இருக்கிறது என்று தன் பொன்னாடையைக் கீழே விரித்து உட்கார்ந்தார். இறங்கும்போது அதை மறந்துவிட்டுப் போனார். நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன், நடந்ததையும் சொன்னேன். எஸ்தர் அதைத் துவைத்துக் காயவைத்து, மறுநாள் என் இன்ஜின் மேல் உறையாகக் கட்டினாள். கட்டிவிட்டு ஒரு தடவை தள்ளி நின்று பார்த்தாள். “போனா போவுது வுடு. உனுக்கு இல்லன்னாலும் இன்ஜினுக்காவது மரியாத பண்ணாங்க.”

பனி மூடிய ஞாயிறு

அந்த மார்கழி எங்களுக்குச் சரியில்லை. புயல் மழையில் இரண்டு ஆராதனை நின்றுவிட்டது. ஆபீஸிலிருந்து மதுரை பாஸ்டருக்குச் சொல்லிவிட்டார்கள், இன்னும் ஒன்று நின்றால் கோரைத்திட்டை டவுனோடு சேர்த்துவிடுவோம் என்று. அடுத்த ஞாயிறு விடிந்தபோது ஏரியைக் காணோம். அப்படி ஒரு பனி. துறையில் நின்றால் என் படகின் மறுமுனை தெரியவில்லை. போன் அடித்தது. பாஸ்டர். “அண்ணே, நேத்து பொன்னேரிக்கு வந்தேன், பனியில பஸ்ஸு இங்கிருந்து நகரல. என்ன செய்யறதுன்னே தெரியல. நீங்களும் போகாதீங்க, ஆபத்து.”

போனை வைத்தேன். அங்கே அவர்கள் குளித்துவிட்டுக் காத்திருப்பார்கள். அவர்களிடம் யார் போய்ச் சொல்வது? கழியை எடுத்தேன். எஸ்தர் துறைக்கே வந்துவிட்டாள். “பாஸ்டரே வர்ல, நீ யார ஏத்திக்கினு போற?” என்றாள். நான் படகின் கயிற்றை அவிழ்த்தேன். அவளும் வழியை மறிக்கவில்லை.

இன்ஜினைப் போடாமல் கழியூன்றிப் போனேன். பாதியில் திசை தப்பிவிட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை. முதல் பாஸ்டர் மாதிரி எனக்கும் சத்தமாக ஜெபிக்கத் தோன்றியது. அப்போதுதான் ‘டங் டங்’ என்று கேட்டது. கோரைத்திட்டு சர்ச்சில் மணி என்பது கயிற்றில் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டு. வழக்கமாக ஆராதனைக்கு முன்னால் கொஞ்ச நேரம் அடிப்பார்கள். அன்று நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போய்க் கரையில் முட்டினேன். அடித்துக்கொண்டிருந்தது சலோமி அக்கா. கை சிவந்திருந்தது.

“பாஸ்டர் வர்ல அக்கா. அத்த சொல்லத்தான் வந்தேன்” என்றேன்.

“வர்லன்னா இன்னா, நீ வந்துகீறல்ல. உள்ள வா” என்றார்.

“தண்ணி வடியுதுக்கா. படகு சேத்துல மாட்டிக்கும்.”

“மாட்டட்டும். வந்து குந்து.”

பாஸ்டர் இல்லாததால் அவசரமாகத் திரும்ப வேண்டியவர் யாரும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் தடவையாக உள்ளே போனேன். சின்ன இடம், எல்லாரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வாசலோரம் மட்டும் ஒரு கோரைப்பாய் ஆள் இல்லாமல் விரித்துக் கிடந்தது. அக்கா அதைக் காட்டினார், உட்கார்ந்தேன். பிரசங்கம் செய்ய யாருக்கும் தெரியாது, எனக்குச் சுத்தமாகத் தெரியாது. அதனால் பாடினோம். ஒவ்வொருவராக எழுந்து ஆண்டவருக்கு நன்றி சொன்னார்கள். இறால் கிடைத்ததற்கு, காய்ச்சல் விட்டதற்கு, புயலில் கூரை நின்றதற்கு. என் முறை வந்தது. இத்தனை நாளும் நான் செய்ததையெல்லாம் ஆண்டவர் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வரும் வழியில் நினைத்திருந்தேன். எழுந்து நின்றதும் அது வாயில் வரவில்லை. “மணி அடிச்சதுக்கு நன்றி” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

வெளியே வந்தால் பனி விலகியிருந்தது, படகு சேற்றில் உட்கார்ந்திருந்தது. அன்று ஆராதனைக்கு வந்த அத்தனை பேரும், நல்ல சேலையையும் வேட்டியையும் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீர் வரை படகைத் தள்ளினார்கள். தள்ளும்போது சலோமி அக்காவிடம் கேட்டேன், அந்தப் பாய் யாருக்காக, யாராவது வராமல் போய்விட்டார்களா என்று. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: “உனுக்குத்தாம்பா. நீ மொத மொத பாஸ்டர ஏத்திக்கினு வந்த அன்னிலருந்து வாராவாரம் போடுறேன். நீ இன்னிக்கிதான் வந்து குந்துன.”

சாலை வந்த பிறகு

அந்த ஞாயிறு கணக்கில் சேருமா என்று எனக்கு வாரம் முழுக்கப் பயம். அடுத்த ஞாயிறு மதுரை பாஸ்டர் படகில் ஏறும்போதே சிரித்துக்கொண்டு ஏறினார். ஆபீஸில் விசாரித்தார்களாம். ஆராதனை நடந்தது என்றிருக்கிறார். நீங்கள் போகவில்லையே, யார் நடத்தியது என்று கேட்டார்களாம். அதற்கு அவர் சொன்ன பதில்: “சபையே நடத்திக்கிச்சுய்யா, நான் வந்தா இனி இடைஞ்சல்தான்.” அதோடு சேர்க்கிற பேச்சு நின்றது.

இப்போது ஏரி நடுவே கரை எழுப்பிக் கோரைத்திட்டுக்குச் சாலை போட்டுவிட்டார்கள். பாஸ்டர் பைக்கில் வருகிறார், அங்கியில் சேறு இல்லை, புழுதிதான். காதர் பாயிடம் நான் ஞாயிற்றுக்கிழமை கேன் நீட்டுவதில்லை. அவர் விசாரித்தபோது சொன்னேன். “சரி, நல்லது” என்று புனலைத் துடைத்தார். பாஸ்டரின் ஜெபச் சத்தமும், நண்டு ஓடுகிற பலகையும், சேற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மிதந்து வருகிற பாட்டும் எனக்கு நினைவுக்கு வராத ஞாயிறு இல்லை.

நானும் இப்போது சாலையிலேயே போகிறேன், எஸ்தரையும் கூட்டிக்கொண்டு. அந்தப் பாய் இன்னும் வாசலோரம்தான் கிடக்கிறது. இரண்டு பேர் உட்காருகிற அளவு அகலம் அதில் எப்போதும் இருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. முதல் நாள் உட்கார்ந்ததும் எஸ்தர் என் காதில் சொன்னாள்: “இத்தினி வருசம் ஒழைச்சதுக்கு ஆண்டவரு உனுக்கு ஒரு பாய்தான் குடுத்தாரா? பரவால்ல, தள்ளி குந்து, எனுக்கும் எடம் வுடு.”

ஆக, ஒன்றுமே எதிர்பார்க்காமல் உழைத்த எனக்குக் கடைசியில் கிடைத்தது சர்ச்சில் கடைசி வரிசையில் அரைப் பாயும், அதில் உட்கார்ந்து இத்தனை வருஷமாகத் தப்பித்து வந்த பிரசங்கத்தை முழுசாகக் கேட்கும் பாக்கியமும்தான்.